எலிக்குப் போட்ட கணக்கும் அம்மாவின் செவ்வாய்க்கிழமையும்

கேள்வி:

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம். அம்மாவுக்கு 51 வயது, கொழுந்து பறிக்கிறார். நாலு வருடமாக ருமட்டொயிட் மூட்டுவாதம். கண்டி கிளினிக்கில் திங்கட்கிழமைக்கு ஆறு மெதோட்ரெக்சேட் குளிசையும், ஃபோலிக் அமிலமும், ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் தருகிறார்கள். மெதோட்ரெக்சேட் போட்டால் மறுநாள் வயிற்றைப் பிரட்டுகிறது. செவ்வாய்க்கிழமை கிலோ குறைந்து அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழுகிறது. அதனால் மாசத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் போடுகிறார். வலி கூடினால் டவுனில் ஒரு கடையில் நாலு குளிசையைப் பேப்பரில் மடித்துத் தருவார்கள். அதைப் போட்டால் அன்று மலைக்குப் போக முடிகிறது. இப்போது முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது.

இணையத்தில் எஸ்.பி. 203580 என்று ஒரு இரசாயனச் சேர்வையைப் பார்த்தேன். 'மூட்டுவாத ஆராய்ச்சிக்கான அழற்சி எதிர்ப்புச் சேர்வை, தூய்மை 99 சதவீதம்' என்று போட்டு 5 மில்லிகிராம் குப்பியாக விற்கிறார்கள். கட்டாரில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பத் தயார். எலிகளுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் கொடுத்தபோது கால் வீக்கம் குறைந்ததாக வாசித்தேன். அம்மா 45 கிலோ. அப்படியானால் நாளுக்கு 1350 மில்லிகிராம் என்பது சரியா? கோர்ட்டிசோனும் ஒரு காலத்தில் ஆய்வுகூடச் சேர்வைதானே?

பதில்:

வேண்டாம் தம்பி. அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், காசை அனுப்பிவிடப் போகிறார்.

இவ்வளவோடு முடித்திருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுக் காட்டிக் கேட்டவருக்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும். கேட்காமலே வாங்கிக் கொடுத்துவிட்டு, கண் மஞ்சளான பிறகு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். நீங்கள் முன்கூட்டியே கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 1350. எலியின் அளவைக் கிலோவுக்குக் கிலோ பெருக்கி மனிதருக்குக் கொண்டுவர முடியாது. சிறிய மிருகத்தின் உடல் மருந்தை வேகமாக எரித்துத் தள்ளிவிடும், எடைக்கு எடை பார்த்தால் அதற்கு அதிகமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் உடற்பரப்பை வைத்து ஒரு மாற்றுக் கணக்கு உண்டு. எலியின் அளவை 6ஆல் பெருக்கி 37ஆல் வகுப்பார்கள். 30 மில்லிகிராம் அப்போது 5க்கும் கொஞ்சம் கீழே வரும். 45 கிலோவுக்கு ஏறக்குறைய 220 மில்லிகிராம். உங்கள் விடை அதைப்போல ஆறு மடங்கு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தக் கணக்கு இருக்கிறது. அதைத் தொடங்குவதோ மிருகத்துக்குப் பலன் தந்த அளவிலிருந்து அல்ல, கெடுதல் எதுவும் தெரியாத அளவிலிருந்து. வந்த விடையையும் வழக்கமாகப் பத்தால் வகுத்த பிறகுதான் முதல் மனிதருக்குக் கொடுக்க யோசிப்பார்கள். அந்த முதல் மனிதரும் திடகாத்திரமான தொண்டராக இருப்பார், பக்கத்தில் வைத்தியர் நிற்பார். ஏற்கெனவே நாலைந்து குளிசை போட்டுக்கொண்டு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) படுத்திருக்கும் உங்கள் அம்மாவாக இருக்க மாட்டார்.

இன்னொன்று, 5 மில்லிகிராம் குப்பியில் 1350 எடுக்க ஒரு நாளைக்கு 270 குப்பி வேண்டும். கட்டார் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, ஆனால் இதற்குக் காணாது.

குப்பிக்குள் இருப்பது என்ன என்று இனிப் பார்ப்போம். விற்பவர்கள் பொய் சொல்லவில்லை. அது உண்மையிலேயே மூட்டுவாத ஆராய்ச்சியில் பிறந்த சேர்வைதான். ஸ்மித்க்ளைன் பீச்சம் என்ற கம்பனியின் முதல் எழுத்துகள்தான் அந்த 'எஸ்.பி.'. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சுரப்பதைத் தடுக்கும் ஒரு வகைச் சேர்வைகளை அந்தக் கம்பனியின் ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். அவை உயிரணுவுக்குள் எதைப் பிடிக்கின்றன என்று தேடிப்போனபோது அகப்பட்டது பி38 என்ற நொதியம். 1994இல் அதை வெளியிட்டார்கள். உயிரணுவுக்கு ஆபத்து என்று செய்தி வந்தால் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் புரதங்களைச் செய்யச் சொல்லி உள்ளே கட்டளை கடத்துகிற ஆட்களில் ஒன்று இந்த பி38. அதன் வாயை அடைத்தால் மூட்டு வீக்கம் வற்றும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எலியில் வற்றவும் செய்தது. நீங்கள் வாசித்தது அதைத்தான்.

உங்கள் குப்பியில் இருப்பது ஒரு நாளும் மருந்தாகவில்லை. ஆய்வுகூடக் கருவியாகவே நின்றுவிட்டது. பி38ஐ மட்டும் பிடிக்காமல் வேறு சில கைனேஸ்களையும் (அதே இன நொதியங்களையும்) பிடிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், மருந்துகளை உடைத்துக் கழிக்கிற ஈரல் நொதியங்களையும் தடுக்கிறது. அதாவது அம்மா போடுகிற மற்ற மருந்துகளில் எது எவ்வளவு நேரம் உடலில் தங்கும் என்ற கணக்கே குழம்பிவிடும். மெதோட்ரெக்சேட் போடுகிறவருக்கு நாங்கள் மாசக் கணக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதே ஈரலைக் காக்கத்தான்.

கம்பனிகள் அத்தோடு விட்டுவிடவில்லை. அதே பி38ஐ இன்னும் நேர்த்தியாகப் பிடிக்கிற சேர்வைகளைச் செய்து மனிதர்களிடம் போனார்கள். வி.எக்ஸ். 745 என்ற ஒன்றை, நாய்களில் நரம்புப் பாதிப்புத் தெரிந்ததால் 2001இல் நிறுத்தினார்கள். வேறு சிலவற்றில் ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதியங்கள் இரத்தத்தில் ஏறின. தாங்கிக்கொள்ளக் கூடியவற்றிலும் ஒரு விசித்திரம் தெரிந்தது. முதல் கிழமைகளில் இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. இறங்கும், நோயாளிக்குச் சந்தோசம். மாசம் ஒன்று ஆவதற்குள் அது பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

ஏன் என்று உங்களுக்கு நான் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. மழைக்காலத்தில் மலையில் ஒரு கானை மண் மூடினால் தண்ணீர் நின்றுவிடுகிறதா? அடுத்த நிரைக்குள் புகுந்து தேயிலைத் தூரைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். உயிரணுவுக்குள்ளும் கட்டளை போகப் பல கான்கள். போதாக்குறைக்கு, பி38 என்பது அழற்சியைத் தூண்டுகிற ஆள் மட்டுமல்ல, அதை அடக்குகிற வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு. தூண்டுகிற கையைக் கட்டப்போய் அடக்குகிற கையையும் கட்டியாயிற்று.

இந்த வகையில் பமாபிமொட் என்று ஒன்று. மூட்டுவாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அதையும் இன்னொரு பகுதியினருக்கு ஒரு பழைய மருந்தையும் கொடுத்து 12 கிழமை பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளிவந்தது. புதியது தோற்றது. பக்கவிளைவும் அதற்குத்தான் கூட. ஜெயித்த பழைய மருந்து எது தெரியுமா? மெதோட்ரெக்சேட். உங்கள் வீட்டில் அம்மா போடாமல் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறாரே, அதே மஞ்சள் குளிசை.

'தூய்மை 99 சதவீதம்' என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிச்சம் ஒரு சதவீதம் என்ன என்று மருந்தென்றால் சொல்லியாக வேண்டும், ஆய்வுச் சேர்வை விற்பவர் சொல்ல வேண்டியதில்லை. அது மனிதருக்கு அல்ல என்று குப்பியிலேயே எழுதியிருப்பார், அவர் பொறுப்பு அத்தோடு முடிந்தது. நீரிலும் சரியாகக் கரையாது. ஆய்வுகூடத்தில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்துத்தான் உயிரணுக்களுக்கு விடுவார்கள். தோலில் பட்டாலே உள்ளே இழுத்துக்கொண்டு போகிற திரவம் அது. அதைக் குடிக்கக் கொடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சட்டப்படி பார்த்தாலும் இந்த நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடத அதிகாரசபையின் பதிவோ விசேட அனுமதியோ இல்லாத மருந்தை இறக்கக் கூடாது. ஆனால் சுங்கத்துக்குப் பயந்து அல்ல, அம்மாவின் ஈரலுக்குப் பயந்து விடுங்கள்.

கோர்ட்டிசோன் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. ஆமாம், அதுவும் ஆய்வுகூடச் சேர்வையாகத்தான் இருந்தது. பெயர்கூட 'சேர்வை ஈ'தான். அமெரிக்காவில் மாயோ கிளினிக்கில் கெண்டல் என்ற இரசாயனவியலாளர் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து ஒவ்வொரு பொருளாகப் பிரித்து ஏ, பி என்று எழுத்துப் போட்டு வைத்திருந்தார். அங்கேயே மூட்டுவாதம் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர் ஹென்ச். கர்ப்பமாகும்போதும் மஞ்சள் காமாலை வரும்போதும் தன் நோயாளிகளுக்கு மூட்டு வலி தானாகக் குறைவதைப் பல வருடங்களாகக் குறித்து வந்தார். உடலே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்பது அவர் ஊகம். 1948 செப்டெம்பரில், நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, வார்ட்டில் வைத்து நாளுக்கு 100 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். ஒரு கிழமைக்குள் அந்தப் பெண் எழுந்து கடைத்தெருவுக்கு நடந்து போய் வந்தார். 1950இல் இருவருக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் தம்பி, கதை கடைத்தெருவோடு முடியவில்லை. ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பியது. தொடர்ந்து போட்டால் முகம் உருண்டது, மனம் தடுமாறியது, எலும்பு மெலிந்தது, சீனி ஏறியது. சேர்வை ஈ உடல் தானே சுரக்கிற பொருள், அப்படி இருந்தும் இவ்வளவு. எந்த அளவில் எவ்வளவு காலம் கொடுக்கலாம் என்பதை வைத்தியர்கள் கற்றுக்கொண்டது அந்த ஆரம்பகால நோயாளிகளின் உடம்பில். நமக்கு இன்று தெரிந்திருப்பது அவர்கள் விலை கொடுத்து வாங்கித் தந்தது. மருந்துக்கும் சேர்வைக்கும் நான் காண்கிற வித்தியாசம் இதுதான். மூலக்கூறு அதேதான், அதைப் போட்ட ஆயிரக்கணக்கான மனிதருக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கு ஒன்றுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் முதல் பந்தியின் கடைசி வரி. 'முகம் கொஞ்சம் ஊதியிருக்கிறது.' எலிக் கணக்கைவிட எனக்கு அந்த வரிதான் பயம் தந்தது. டவுன் கடையின் பேப்பர் மடிப்பில் இருக்கும் நாலில் ஒன்று அநேகமாகப் பிரெட்னிசொலோனாகவோ டெக்ஸாமெதசோனாகவோ இருக்கும். இரண்டும் ஸ்டீரொயிட் வகை, சேர்வை ஈயின் பேரப்பிள்ளைகள். போட்ட அன்றே மலைக்குப் போக முடிவதும் அதனால்தான். மற்றொன்று டிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வர வேறெதுவும் வேண்டாம். மெதோட்ரெக்சேட்டும் சேரும்போது சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கிளினிக்கில் டொக்டரே இவற்றை எழுதுவதும் உண்டு, அது வேறு. அவருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியும், இரத்தம் பார்ப்பார். கடைக்காரருக்கு அம்மாவின் கிளினிக் கொப்பி தெரியாது. சாப்பாடு தரும் கையைத் தூக்க முடியவில்லை என்று ஒரு அம்மா வந்து நிற்கும்போது, அவர் இரக்கப்பட்டுத்தான் மடித்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரக்கத்தில் கொடுத்தாலும் ஸ்டீரொயிட் ஸ்டீரொயிட்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு அந்தக் குளிசைகளைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நெடுநாள் ஸ்டீரொயிட் உள்ளே போனால், உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரை போகும். எத்தனை நாளாக, கிழமைக்கு எத்தனை மடிப்பு என்று எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். படிப்படியாகக் குறைப்பதை அவர்கள் செய்து தருவார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். என் கணிப்பில் உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு மருந்து கட்டாரிலும் இல்லை, பி38இலும் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது.

அம்மாவுக்கு மெதோட்ரெக்சேட் வேலை செய்யவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவர் போடுவதில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மாசத்தில் நாலு தடவை போட வேண்டியதை ஒன்றோ இரண்டோ தடவை போட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது. கிழமை தவறாமல் போட்டாலும் பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமை பிடிக்கும். வலி மருந்து மாதிரி இது இன்றைய வலியைக் குறைப்பதற்கல்ல. அடுத்த வருடம் விரல் கோணாமல், கொழுந்தை நுள்ளும் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடும்படி வைத்திருப்பதற்கு. டிக்ளோஃபெனாக்கைத் தின்றுகொண்டே இருந்தாலும் எலும்பின் ஓரம் அரிபடுவது நிற்காது, வலி தெரியாமல் அரிபடும், அவ்வளவுதான்.

அவர் ஏன் போடவில்லை? சோம்பலா, அறியாமையா? இல்லை. திங்கள் போட்டால் செவ்வாய் அரைப்பேர். கிழமைக்கு ஒரு அரைப்பேர் போனால் மாச முடிவில் சம்பளத் துண்டில் என்ன குறையும் என்று உங்கள் அம்மாவுக்கு உங்களைவிட வேகமாகக் கணக்குத் தெரியும். கிளினிக்கில் திங்கள் என்று எழுதியவருக்கு, மலையில் செவ்வாய்க்கிழமையும் கிலோ நிறுப்பார்கள் என்பது தோன்றியிருக்காது. ஆபீஸ் வேலை செய்கிறவருக்குத் திங்கள் சரிவரலாம். கொழுந்து பறிப்பவருக்குச் சனி இரவுதான் சரி. சனி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுத்தால், பிரட்டலில் பாதி தூக்கத்தில் போகும், மீதி ஞாயிற்றுக்கிழமை போகும். திங்கள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்து நிற்கும்போது ஆள் தெளிவாக இருப்பார்.

ஆனால் நீங்களாக நாளை மாற்ற வேண்டாம். இடையில் பல கிழமை விட்டிருப்பதால் முதலில் இரத்தம் பார்த்து, அளவைக் குறைத்துத் தொடங்க டொக்டர் விரும்பலாம். எந்தச் சனியில் ஆரம்பிப்பது என்பதையும் அவரே கொப்பியில் எழுதட்டும். அங்கே அம்மா சொல்ல வேண்டியது இரண்டே வசனம். 'நான் குளிசையை ஒழுங்காகப் போடவில்லை. மறுநாள் வேலைக்குப் போக முடியாததால்தான் போடவில்லை.' இதைச் சொல்லாவிட்டால், மருந்து போட்டும் நோய் அடங்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். வீட்டில் குளிசை இன்னும் சேரும்.

சனி இரவிலும் பிரட்டினால் வழிகள் இருக்கின்றன. ஃபோலிக் அமிலத்தைக் கூட்டலாம், ஆறு குளிசையை அதே நாளுக்குள் இரண்டு வேளையாகப் பிரிக்கலாம், வாந்திக்குக் குளிசை தரலாம், தோலுக்குக் கீழே போடும் ஊசியாக மாற்றலாம். ஊசியில் பலருக்கு வயிற்றுத் தொல்லை குறைகிறது. இவையெல்லாம் கேட்டால் கிடைப்பவை. நம் ஆட்கள் கேட்பதில்லை. வரிசையில் நின்று உள்ளே போனதும் 'எப்படி இருக்கு?' என்றால் 'பரவாயில்ல ஐயா' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான், பால்மா டின் நிறையக் குளிசை வைத்திருந்தார்.

மெதோட்ரெக்சேட்டை இவ்வளவு புகழ்வதால் அதைச் சாதுவான மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். புற்றுநோய்க்காகப் பிறந்தது அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த ஆய்வுகூடத்தில்தான் இதுவும் இதன் மூத்த சகோதரமான அமினொப்டெரினும் செய்யப்பட்டன. 1951இல் அமினொப்டெரின் மூட்டுவாதத்துக்குக் கைகொடுப்பதாக முதல் செய்தி வந்தது. மெதோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கென்று அமெரிக்கா அனுமதித்தது 1988இல். இடையில் 37 வருடம். எந்த அளவு, எத்தனை நாளுக்கு ஒன்று, எந்தப் பரிசோதனை என்று தெளிய அவ்வளவு காலம் எடுத்தது. அதில் தெரிந்த முக்கியமான விசயம், கிழமைக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் எலும்பு மச்சை வற்றிப்போகும், உயிரே போகும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், மலைநாட்டில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அவசரத்தில் ஒரு அம்மாவுக்குக் கவரில் சிங்களத்தில் 'கிழமைக்கு ஒரு நாள்' என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியது நான்தான், வேறு யாருமில்லை. அவருக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும், அதுவும் எழுத்துக் கூட்டித்தான். கவரில் 6 என்ற இலக்கம் மட்டும் விளங்கியது. நாளுக்கு ஆறாகப் போட்டிருக்கிறார். ஏழாம் நாள் வாய் முழுக்கப் புண், தண்ணீர் விழுங்க முடியாமல் கொண்டுவந்தார்கள். மெதோட்ரெக்சேட்டின் நஞ்சை முறிக்கும் ஃபோலினிக் அமிலம் ஏற்றி, இரண்டு கிழமை வார்ட்டில் வைத்துத் தேற்றினார்கள். வீட்டுக்குப் போகும்போது என்னிடம் வந்து 'ஐயா மருந்து கொஞ்சம் கடுமையா இருந்திச்சு' என்றார். அன்றிலிருந்து நாளின் பெயரைத் தமிழில், பெரிய எழுத்தில், சிவப்பில் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அப்படிச் செய்யுங்கள். கொப்பியின் அட்டையில் 'சனி இரவு மட்டும்' என்று நீங்கள் எழுதி ஒட்டலாம்.

மெதோட்ரெக்சேட்டும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் இரண்டும் மஞ்சள் குளிசைகளாகத்தான் வரும். ஒரே டின்னில் போட வேண்டாம். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை நோவு, காரணமில்லாமல் நீலம் பாய்தல், கண் மஞ்சளாதல், புதிதாக வறட்டு இருமலோ மூச்சு வாங்குதலோ தெரிந்தால் அந்தக் கிழமைக் குளிசையைப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கே போகலாம், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். தோட்டத்து டிஸ்பென்சரியில் சளிக்கோ சலக்கடுப்புக்கோ மருந்து எடுத்தாலும் மெதோட்ரெக்சேட் போடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். கோ-ட்ரைமொக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து இதோடு சேரவே கூடாது. ஹைட்ரொக்சிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை உண்டு, அதையும் கேளுங்கள். இதை வாசிக்கிற இளம் பெண்கள் யாராவது மெதோட்ரெக்சேட் போடுவதாக இருந்தால், கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே டொக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அது ஆகாது.

பனியில் நின்றதால் வந்த வாதம் என்று அம்மா நம்பினால் வாதாட வேண்டாம். குளிர் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை, ஆனால் குளிரில் விறைப்புக் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். காலையில் கையை இளஞ்சூட்டு நீரில் வைப்பதில் ஒரு நட்டமும் இல்லை.

ஒழுங்காக மூன்று மாசம் போட்டும் அடங்காவிட்டால்? அப்போதும் நீங்கள் குப்பி தேட வேண்டியதில்லை. சல்ஃபசலசின் சேர்ப்பார்கள், லெஃப்ளூனோமைட் இருக்கிறது, அதற்கு மேலே உயிரியல் ஊசிகள். டி.என்.எஃப்.ஐ நேராகவே பிடிக்கிற முதல் மருந்தை 1992இல் இலண்டனில் பரிசோதித்த இருவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த ரவீந்தர் மைனி. பி38ஐத் தடுக்கும் சேர்வைகள் செய்ய முடியாததை அது செய்தது. ஆனால் அதைத் தொடங்குமுன் சயரோகம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், நெருக்கமாக வாழும் லயத்து மக்களுக்கு அது முக்கியம். கைனேஸ் ஒன்றைப் பிடித்து ஜெயித்த குளிசையும் உண்டு, டோஃபசிட்டினிப். அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. ஒன்பது வருடம் கழித்து, 2021இல், மாரடைப்பு, இரத்தக்கட்டி, புற்றுநோய் பற்றிக் கடும் எச்சரிக்கை சேர்த்தார்கள். விஞ்ஞானம் படிக்கிறவர் நீங்கள். ஜெயித்ததே ஒன்பதாம் வருடம் புதுப் பக்கம் காட்டுகிறது என்றால், தோற்றுப்போனதை எந்த நம்பிக்கையில் சமையலறையில் நிறுப்பது?

அண்ணன் காசு அனுப்பியே தீருவேன் என்றால் வேறு வேலை இருக்கிறது. கிளினிக்கில் இரத்தப் பரிசோதனைக்குத் திகதி தள்ளிப்போனால் வெளியே எடுக்கலாம். ஆஸ்பத்திரியில் ஏதாவது மருந்து தீர்ந்தால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் வாங்கலாம். அட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகாமல் ஒரு தடவையாவது அம்மாவை வேனில் கூட்டிப்போகலாம். நீங்களும் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போங்கள்.

போகும்போது அந்தப் பேப்பர் மடிப்பில் ஒன்றைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். டொக்டர் ஏசுவார் என்று அம்மா அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரப் பார்ப்பார். காலையிலேயே எடுத்து உங்கள் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.